ஆடி மாதத்துக்கு விலக்கு இல்லை

மச்சான்,

இன்று காலையில் அந்த மஞ்சள் பையைத் திறந்தேன். வெற்றிலை வாசம் எழும்பி வந்து என் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தது. பைக்குள் வெற்றிலை ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் கோர்ட்டுக் காகிதம். ஆனாலும் பதினைந்து வருஷமாகச் சோழவந்தான் கொடிக்காலில் இருந்து எங்கள் வீட்டுக்கு நீங்கள் வெற்றிலை கொண்டுவந்த பை அல்லவா? ஏழு கடல் தண்ணீரில் அலசினாலும் அந்த வாசம் போகாது.

அதற்குள் புதிதாக ஒரு காகிதம் வைக்க வேண்டியிருந்தது. வைப்பதற்கு முன்னால் உங்களிடம் ஒரு மனுக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் இந்த மடல்.

மனு என்றால் மனுதாரர் யார் என்று முதலில் எழுத வேண்டுமாம். அப்பீலை நடத்திய வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். எனவே எழுதுகிறேன். மனுதாரர் உங்கள் மனைவியின் ஒரே தம்பி. உங்கள் மகளுக்கு ஒரே தாய்மாமன். மதுரையைச் சுற்றியுள்ள ஐம்பத்தாறு தேசங்களிலும் மைக்செட் போடுகிறவன். அவன் கூம்புக் குழாயைக் கட்டி, ‘ஹலோ மைக் டெஸ்ட்’ என்று ஒரு சொல் சொன்னால் யானைமலை திரும்பிப் படுக்கும். மணமக்களை அவன் வாழ்த்திப் பேசினால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாம்பாருக்குப் பதில் கண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்கள்.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியும். விரலை மடக்கி வகுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

“மச்சான், நேத்து கல்யாணத்துல ஐயாயிரம் பேரு!”

“சரி, ஐந்நூறு.”

“மழைன்னா மழை, ஆனை முங்குற மழை!”

“கணுக்கால் நனைஞ்சிருக்கு.”

உங்கள் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். “உங்க மாமன் பேச்சு தங்கம்மா. என்ன, செம்பு கொஞ்சம் கூடுதல். பத்தால வகுத்தா சொக்கத் தங்கம் வந்துரும்” என்பீர்கள். என்னை யாரும் அதற்கு மேல் பாராட்டியதில்லை. நான் பொய்யன் என்று நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை. பெருக்கல்காரன் என்றுதான் சொன்னீர்கள்.

என்னைப் பெருக்கல்காரன் என்று சொன்ன மனிதர் ஏன் ஜெயிலுக்குப் போனார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

அந்த விடியற்காலையில் சமயநல்லூர் பக்கம் நீங்கள் குட்டியானை வண்டியில் வெற்றிலைக் கூடைகளோடு வந்துகொண்டிருந்தீர்கள். ரோட்டில் ஒரு சைக்கிள் வளைந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர். இடித்த வண்டி எதுவோ, அது போய்விட்டது. உங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள் விலகிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். நீங்கள் மட்டும் நிறுத்தினீர்கள். கூடைகளைத் தள்ளி வைத்து, வாழைச்சருகைப் பரப்பி, அவரைப் படுக்க வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இதில் என்னுடைய பெருக்கல் எதுவும் இல்லை. இது அப்படியே நடந்தது.

ஆனால் ரோட்டோரக் கடைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தபோது நின்றுகொண்டிருந்தது உங்கள் வண்டி. நின்ற வண்டிதான் இடித்த வண்டி என்று அவர் சொல்லிவிட்டார். அடிபட்ட பெரியவருக்கோ அன்றைக்கு நடந்தது எதுவும் நினைவில் இல்லை. வழக்கு, வாய்தா, மறுபடி வாய்தா என்று வருஷங்கள் போய், ஓர் ஆனி மாதம் இருபத்தைந்தாம் தேதி தீர்ப்பு வந்தது. ஆறு மாதம் சிறை.

கோர்ட்டுப் படியில் நீங்கள் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. வழக்கை நடத்திய பெரிய வக்கீல் பொறுமையாகத்தான் சொன்னார். “தண்டனைய முப்பது நாளைக்கு நிறுத்தி வச்சிருக்காங்க. அதுக்குள்ள மேல் கோர்ட்டுல அப்பீல் போட்டுரணும். விட்டா வாரண்ட் வரும்.” நான் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தேன். எனக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார், அவர் எழுந்து நின்று பேசினால் ஜட்ஜ் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் சேர்ந்து எழுந்து நிற்கும் என்றேன். எனக்கு அவரைத் தெரிந்த வகை, அவருடைய கல்யாணத்துக்கு மைக்செட் நான் போட்டேன் என்பதுதான். “முப்பது நாளா? முப்பது நாள்ல முப்பது அப்பீல் போடுவேன் மச்சான்!”

நீங்கள் தீர்ப்பு நகலை மடித்து இந்த மஞ்சள் பைக்குள் வைத்து என் கையில் கொடுத்தீர்கள்.

“நான் இடிச்சவன் இல்ல மாப்ள, எடுத்தவன். அத மட்டும் திருத்தித் தரச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

பை என் வேனில், ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு மேல் உட்கார்ந்தது. ஒரு வாரம் உட்கார்ந்தே இருந்தது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

ஆடி என்றால் ஊரில் கல்யாணம் கிடையாது. ஆனால் மைக்செட்காரனுக்கு ஆடியை விட்டால் வேறு மாதம் கிடையாது. அம்மன் கோயில் இல்லாத தெரு எது, குழாய் கட்டாத வேப்பமரம் எது? நான் ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்தபோது உங்கள் போன் வந்தது.

“மாப்ள, வக்கீலம்மாவப் பார்த்தியா?”

“ஆடி மச்சான்! ஆடில நல்ல காரியம் தொடங்கினா விளங்குமா? ஆவணி ஒண்ணு காலையில முத அப்பீலு நம்மளுது.”

“கோர்ட்டுக்கு ஆடி உண்டா மாப்ள?”

“நல்லாக் கேட்டீங்க! மதுரையில இருக்கிற கோர்ட்டுக்கு ஆடி இல்லாமப் போகுமா?”

“சரி, உனக்குத் தெரியும்” என்றீர்கள். எனக்குத் தெரியாது. முப்பது நாளைக்குள் ஆடி வந்தாலும் ஐப்பசி வந்தாலும் அது முப்பது நாள்தான் என்பது பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாரம் நான் எந்த ஊரில் குழாய் கட்ட வேண்டும் என்பதுதான். மனு என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்: நான் ஆடிக்குப் பயந்தவன் இல்லை. ஆடிக்கு இருக்கிற கெட்ட பெயரைப் பயன்படுத்திக்கொண்டவன்.

ஆடி இருபதாம் தேதி காலையில் திருவாதவூரில் ஓர் அம்மன் கோயில் திருவிழா. பால்குடம் புறப்படும் நேரம். மைக்கைப் பிடித்து, வருகிற குடங்களை எல்லாம் வர்ணித்துக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தது.

“டேய், பக்கத்துக் கொடிக்கால்காரர் சொல்றாரு, கோர்ட்டுல ஆடி கீடியெல்லாம் பார்க்க மாட்டாங்களாம்டா. இன்னும் மூணே நாளுதானாம். பதறுதுடா எனக்கு.”

அன்றைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது மச்சான். திருவாதவூரில் இருந்து கோர்ட்டு என்ன காசியிலா இருக்கிறது? வேனை எடுத்தால் ஒரு மணி நேரம். பை வேனில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

“அக்கா, போட்டாச்சு. நீ நிம்மதியா இரு” என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் யார், அத்தோடு விடுகிறவனா? அதே மைக்கில், அதே மூச்சில், “அம்மன் அருளால் என் மச்சான் வழக்கில் அப்பீல் தாக்கல் ஆகிவிட்டது! தர்மம் வெல்லும்! ஒரு பலத்த கைதட்டல்!” என்று முழங்கினேன். திருவாதவூர் கைதட்டியது. யானைமலை வரைக்கும் கேட்டிருக்கும். கோர்ட்டில் இருக்கிற ஒரு ரிஜிஸ்தரில் மட்டும் அது ஏறவில்லை.

பொய் சொன்ன பிறகு உண்மையைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். இனிமேல் போனால் வக்கீலம்மா, ‘இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்’ என்று கேட்பார். அதற்குப் பயந்து ஒரு நாள் தள்ளினேன். தள்ளிய நாளுக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்று அடுத்த நாளைத் தள்ளினேன். ஆவணி ஒன்று வந்தது. கல்யாண சீசனின் முதல் முகூர்த்தம். மணமக்களை நூறாண்டு வாழ வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

ஆவணி ஆறாம் தேதி கொடிக்காலுக்குப் போலீஸ் வந்தது.

நீங்கள் அகத்தி மரங்களுக்கு நடுவில் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தீர்களாம். வாரண்ட் என்றதும் கொஞ்சமும் பதறாமல், “அப்பீல் போட்டாச்சு சார். எம் மச்சினன்தான் போட்டான். அவன்கிட்டயே பேசுங்க” என்று என் நம்பரை அழைத்துக் கொடுத்தீர்கள். எத்தனை பெருமையாகக் கொடுத்தீர்கள் என்று அக்கா பிற்பாடு சொன்னது.

“அப்பீல் நம்பர் என்னங்க?” என்று ஏட்டையா கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

மச்சான், ஆயிரம் மேடைகளில் துண்டுச்சீட்டு இல்லாமல் பேசியவன் நான். அன்று என் வாய்க்குள் நாக்கு இருக்கிறதா என்று தேடினேன். “அது வந்து சார்…” என்றேன். மறுபடியும் “அது வந்து” என்றேன். அந்தப் பக்கம் போனை உங்களிடம் திருப்பிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

“மாப்ள?” என்றீர்கள். அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டேன். அதையும் நான்தான் செய்தேன்.

ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போவதற்கு ‘மனுப் பார்க்கப் போவது’ என்று பெயர். அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள். இந்தப் பக்கம் நான், வக்கீலம்மா, அவருடைய குமாஸ்தா. வலையின் ஓட்டைகளில் உங்கள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஆடி என்று தள்ளிவைத்ததை ஒப்பித்தேன். திருவாதவூரை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

“போட்டாச்சுன்னு சொன்னியாமே, அது ஒண்ண மட்டும் நான் வகுக்காம விட்டுட்டேன் மாப்ள” என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் உங்கள் பக்கம் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது போலச் சொன்னீர்கள். நீங்கள் வகுத்திருந்தாலும் பிரயோசனம் இல்லை மச்சான். பூஜ்ஜியத்தை எதால் வகுத்தாலும் பூஜ்ஜியம்தானே.

வக்கீலம்மா விஷயத்துக்கு வந்தார். “இன்னும் ரெண்டு நாள்ல அப்பீல் போட்டாலும் பதினெட்டு நாள் லேட். அதோட தாமத மன்னிப்பு மனு ஒண்ணு போடணும். பதினெட்டு நாள்ல ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லணும். நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்.”

தாமத மன்னிப்பு. எனக்கு அந்தச் சொல் புதிது. மனிதர்களை மன்னிப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நாட்களைக்கூட வரிசையில் நிறுத்தி மன்னிப்பார்கள் என்று தெரியாது.

குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். “மஞ்சக்காமாலைன்னு போட்டுருவோம்மா. எல்லாரும் அதான் போடுவாங்க. நாட்டு மருந்து சாப்பிட்டு வீட்டோட படுத்திருந்தாருன்னா டாக்டர் சீட்டுகூட வேண்டாம்.”

“எனக்கு மஞ்சக்காமாலை வந்ததே இல்லையேய்யா” என்றீர்கள்.

“யாருக்குத்தாங்க வந்துச்சு? கோர்ட்டுல மட்டும்தான் வரும்.”

“வராத நோவ வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இடிக்காதவன இடிச்சான்னு எழுதினதுக்குத்தான உள்ள இருக்கேன்? நானும் அதே மாதிரி எழுதவா?”

வக்கீலம்மாவின் கண் என் பக்கம் திரும்பியது. “அப்ப நடந்ததை எழுதணும்னா, இவரு பேர்லதான் ஒரு பிரமாணப் பத்திரம் வரணும். எதிர்த்தரப்பு கேட்டா கோர்ட்டுல நின்னு பதில் சொல்ல வேண்டி வரும். ஏன் போடல, ஏன் போட்டாச்சுன்னு சொன்னீங்க, எல்லாம் வரும்.”

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். “எழுதுங்கம்மா, என் பேரை எழுதுங்க.” ஆறு சொல்கூட இல்லை. எந்தக் கல்யாண மேடையிலும் யாரும் கேட்காமலே அறுநூறு சொல் பேசுகிறவன். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். வலது செருப்பின் வார் பிய்ந்திருந்தது. அதை அவ்வளவு அக்கறையாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

“வேண்டாம்மா. மாப்ள மைக் பிடிக்கிற ஆளு. நாலு பேரு முன்னாடி அவன் குனிஞ்சு நிக்கக் கூடாது. ஆடி மாசம்னு நான் சும்மா இருந்துட்டேன்னு எழுதுங்க. அது பொய் இல்ல. அவன் சொன்னப்ப நானும் சரின்னுதான சொன்னேன்?”

மனு விசாரணைக்கு வந்த அன்று நான் கோர்ட்டில் கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோடு தூணாக நின்றேன். ஜட்ஜ் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஆடி மாசத்துக்குச் சட்டத்துல விலக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார். கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. கறுப்புக் கோட்டுகள், டவாலிச் சேவகர், வாய்தாவுக்கு வந்த ஜனம், எல்லாரும். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? பஞ்சாங்கம் பார்த்து வீட்டில் முடங்கிய ஒரு மூடனைப் பார்த்து. ராகுகாலத்தில் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, கரிநாளில் வண்டி வாங்கி, ஊர் திட்டத் திட்டத் தன் பாட்டுக்கு வாழ்ந்த உங்களைப் பார்த்து. சிரிப்பின் உண்மையான சொந்தக்காரன் தூணுக்குப் பின்னால் இருந்தான்.

“பரவாயில்லை, உண்மையையாவது எழுதியிருக்கார். இந்த வருஷம் நான் படிச்ச மஞ்சக்காமாலை இல்லாத முதல் மனு இதுதான்” என்றார் ஜட்ஜ். தாமதம் மன்னிக்கப்பட்டது. அப்பீல் ஏற்கப்பட்டது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தீர்கள்.

வாசலில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஜட்ஜே எந்திரிச்சு நின்னு உங்க பேரச் சொல்லிக் கும்பிட்டாரு மச்சான்!”

“சரி. சிரிச்சிருப்பாங்க” என்றீர்கள். அப்போதும் சரியாக வகுத்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நாம் எத்தனை முறை பார்த்துக்கொண்டோம்! பொங்கலுக்கு வந்தீர்கள். என் வேன் பழுதானபோது உங்கள் குட்டியானையில் என் குழாய்களை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். ஒரு நாள் அதே சமயநல்லூர் ரோட்டில் ஒரு பையன் பைக்கோடு சறுக்கி விழ, உங்கள் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. நான் பக்கத்தில் இருந்தேன். “மச்சான், வேண்டாம், போயிருவோம்” என்றேன். “கால் தானாப் போகுது மாப்ள, நான் என்ன செய்ய?” என்று இறங்கி ஓடினீர்கள். ஒவ்வொரு முறையும், ‘மன்னிச்சிருங்க மச்சான்’ என்பது என் தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் ஒரு ஜோக்கை வைத்து அடைத்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில், கொடிக்காலுக்குள்ளேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்பீல் அடுத்த வாய்தாவுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் துக்கம் கேட்க வந்த வக்கீலம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். “சொல்லவே சங்கடமா இருக்கு. ஆள் இறந்துட்டா அப்பீலும் அத்தோட முடிஞ்சிரும். தீர்ப்பு அப்படியே நிக்கும். நெருங்கின சொந்தம் யாராவது முப்பது நாளுக்குள்ள மனுக் கொடுத்தா மட்டும்தான் தொடர்ந்து நடத்தலாம்.”

மறுபடியும் முப்பது. அந்த எண்ணுக்கும் எனக்கும் ஏழு ஜென்மத்துப் பகை போலிருக்கிறது. “இப்பவே நான் கையெழுத்துப் போடுறேன்” என்று பேனாவைப் பிடுங்கினேன்.

“நீங்க போட முடியாது. மனைவி, பிள்ளை, அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க. அவ்வளவுதான் கணக்கு. மச்சினன் அதுல இல்ல.”

இது என்ன அநியாயம் மச்சான்! மதுரைச் சீமையில் தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்த முடியுமா? மச்சினன் இல்லாமல் ஒரு மாப்பிள்ளை மணமேடை ஏறியிருக்கிறானா? அப்பேர்ப்பட்டவனுக்குச் சட்டத்தில் நிற்க ஒரு சாண் இடம் இல்லை. உங்களுக்கு உடன்பிறந்தவர் கிடையாது, பெற்றவர்கள் போய்விட்டார்கள், மகள் சின்னவள். மீதி அக்கா ஒன்றுதான்.

அக்கா வெளியே கிளம்பும் என்றதும் உங்கள் சித்தி வாசலை மறித்துக்கொண்டார்கள். “கருமாதி ஆகல, முப்பதாம் நாள் கும்பிடல. தாலி இறக்கின பொம்பள அதுக்குள்ள கோர்ட்டுப் படி ஏறுறதா? முப்பது முடியட்டும், மறுநாப் போங்க.”

முப்பது முடிந்து மறுநாள். அதாவது முப்பத்தொன்றாம் நாள். அதே ஆடிதான், வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. நான் வாயைத் திறக்கும் முன் அக்கா எழுந்துவிட்டது.

“சித்தி, அவரக் கூட்டிட்டுப் போனாங்களே, அன்னைக்கு நல்ல நாளா? நாம முப்பது கும்பிடுற வரைக்கும் கோர்ட்டு கும்பிட்டுக்கிட்டு இருக்குமா? வழிய விடுங்க.” பிறகு என்னிடம், “வண்டிய எடுடா” என்றது.

ஒன்பதாம் நாள் காலையில் அக்காவை மைக்செட் வேனில் வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “அக்கா, அன்னைக்குப் போட்டாச்சுன்னு சொன்னேன்ல, அப்ப நான் திருவாதவூர்ல மைக்குல இருந்தேன்” என்றேன்.

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னது. “தெரியும். குழாய்ச் சத்தம் போன்லயே கேட்டுச்சே. போட்டாச்சுன்னு நீ குழாய்லயும் சொன்ன. அதனாலதான்டா நம்பினேன். ஊருக்கே கேக்குற மாதிரி யாரும் பொய் சொல்லுவாங்களான்னு நெனச்சேன்.”



மனுவை ஏற்றுக்கொண்டார்கள். ஆனி மாதம் தீர்ப்பு. அக்கா முன்வரிசையில் இருந்தது. நான் இந்த முறை தூணுக்கு முன்னால் நின்றேன். அந்தத் தீர்ப்பின் நகல்தான் இன்று பைக்குள் வைக்க வேண்டிய காகிதம். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில் ஓர் இடத்தில் உங்களைப் பற்றி, ‘காயமுற்றவரைத் தம் வாகனத்தில் எடுத்துச் சென்றவர்’ என்று இருக்கிறது. இடித்தவர் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்றும் இருக்கிறது. எடுத்தவர் மச்சான். திருத்திக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சொல்லின் மேல் அக்கா விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. கேட்க வேண்டிய நீங்கள் மட்டும் நான்கு மாதம் முந்திப் போய்விட்டீர்கள். பதினெட்டு நாள் முந்தி அப்பீல் போட்டிருந்தால் நீங்கள் இருக்கும்போதே இது வந்திருக்குமா? வக்கீலம்மாவைக் கேட்டேன். “அதெல்லாம் சொல்ல முடியாதுங்க” என்றார். அவர் நல்லவர்.

போன மாதம், ஆடியில், திருவாதவூரில் மறுபடி திருவிழா. அதே வேப்பமரம், அதே குழாய். பால்குடம் புறப்படுவதற்கு முன் மைக்கைப் பிடித்தேன்.

“போன ஆடியில இதே இடத்துல, எம் மச்சானுக்கு அப்பீல் போட்டாச்சுன்னு சொன்னேன். நீங்களும் கைதட்டினீங்க. அது பொய். நான் போடல. என்னாலதான் அவரு பதினோரு நாள் ஜெயில்ல இருந்தாரு. ஆடின்னு சொன்னது அவரு இல்ல, நானு.”

முன்னால் நின்ற ஒருவர், “அண்ணன் ஆரம்பிச்சுட்டாருய்யா!” என்று கத்தினார். கூட்டம் ஓவென்று சிரித்தது. விசில் அடித்தார்கள். இன்னொருவர், “பதினோரு நாளா, நூத்திப்பத்து நாளாண்ணே?” என்றார். மறுபடி சிரிப்பு. நான் என்ன சொன்னாலும் பெருக்கல் என்று அவர்களுக்குத் தெரியும். இது பெருக்காத கணக்கு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அங்கே இல்லை. மைக்கை அணைத்துவிட்டு, பால்குடம் போய் முடியும் வரை வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இந்த மனுவை நேராக உங்களுக்கே எழுதுகிறேன். அந்த ஜெயில் வலைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. ஓர் ஆவணியில் இருந்து அடுத்த ஆவணி வரை, முழுதாக ஒரு வருஷம் தாமதம். ஒவ்வொரு நாளுக்கும் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. பொங்கலுக்கு, வேன் பழுதான நாளுக்கு, சமயநல்லூர் ரோட்டில் உங்கள் கால் பிரேக்குக்குப் போன நாளுக்கு, எல்லா நாளுக்கும் என்னிடம் ஒரே காரணம்தான் இருக்கிறது.

எனக்கு மஞ்சள் காமாலை வரவில்லை மச்சான். பயம்தான் வந்தது. இதை நீங்கள் வகுக்க வேண்டாம்.

காகிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். பை இனி ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு மேல்தான் இருக்கும், நான் போகிற ஊருக்கெல்லாம் வரும். மைக்கைப் பிடிக்கக் குனிகிறபோதெல்லாம் வெற்றிலை வாசம் அடிக்கும்.

உங்கள் மாப்ள